மறு: ‘ஆஃப்டர்மார்க்கெட் பெர்ஃபார்மன்ஸ் பார்ட்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

(பெங்களூர்த் தமிழ்ச் சொல்லாக்க மடற்குழுவின் இழை. ஒவ்வொரு மடலும் எழுதியவரின் பேட்டைப் பெயரில். – ஜாலஹள்ளி)

பீன்யா, செவ்வாய் காலை 9.12

வணக்கம். குழுவில் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன் நான். இப்போது ஓர் அவசரம். எங்கள் பட்டறையில் பி.எம்.டபிள்யூ.வின் பி58 இன்ஜின் வண்டிகளுக்கு, அதாவது பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, டொயோட்டா சுப்ரா மாதிரியானவற்றுக்கு, முன்புற ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம். பொருத்தும் முறையை எட்டுப் பக்கத் தாளாக அச்சடிக்கிறோம். ஆங்கிலமும் கன்னடமும் தயார். சென்னையிலும் கோவையிலும் இதை மாட்டப்போகிற பையன்களுக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தேன், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ‘ஆஃப்டர்மார்க்கெட் பெர்ஃபார்மன்ஸ் பார்ட்’, அதாவது வண்டிக் கம்பெனி அல்லாமல் வெளியார் செய்து, வண்டி இன்னும் நன்றாக ஓடுவதற்காக மாட்டுகிற பார்ட், என்பதற்கு என்ன எழுதுவது? வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

வைட்ஃபீல்ட், செவ்வாய் காலை 9.40

பின்சந்தைச் செயல்திறன் உறுப்பு. மென்பொருள் தமிழாக்கத்தில் பெர்ஃபார்மன்ஸுக்குச் செயல்திறன் என்று என்றோ நிலைத்துவிட்டது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாலஹள்ளி, செவ்வாய் பகல் 11.05

நில்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் ‘பவர்’ என்பதே திறன். ‘எஃபிஷியன்சி’ பயனுறு திறன். ஒரே தாளில் குதிரைத்திறன், பயனுறு திறன், செயல்திறன் மூன்றும் வந்தால் ஃபிட்டர் எதைப் பிடிப்பான்? முப்பது வருஷம் கடைசல் இயந்திரங்களோடு இருந்தவள் சொல்கிறேன், பணிமனையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கவேண்டும். தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள்: உங்கள் உறுப்பு திறனைக் கூட்டுகிறதா?

‘பின்சந்தை’யும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். பின்சந்தை என்றால் அந்தக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்து என்றுதான் தோன்றும்.

பீன்யா, செவ்வாய் பகல் 1.30

கூட்டுவதில்லை அக்கா, அதனால்தான் நானும் தயங்கினேன். பி58-இல் டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் கூலர், இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரால் குளிர்விக்கிற வகை. பழைய டர்போ வண்டிக்குச் செய்ததுபோல் முன்னால் பெரிய இன்டர்கூலர் ஒன்றை மாட்டிவிட்டு வந்துவிட முடியாது. காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்புற எக்ஸ்சேஞ்சரில் வந்து இறக்கும். எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் காற்றைப்போல் நாலு மடங்கு சூட்டை வாங்கும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் சீக்கிரம் இறங்காது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் விடாமல் சுற்றினால் அந்தத் தண்ணீரே காய்ந்துவிடும். உள்ளே போகும் காற்று சூடாகும். நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது, வந்துவிடக் கூடாதென்று இன்ஜினை நடத்தும் கணினியான ஈ.சி.யூ. தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். வண்டி சோர்ந்துபோகும்.

எங்கள் பார்ட் புதிதாக ஒரு குதிரையைக்கூடத் தராது. இருக்கிற குதிரைகள் களைக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கே நிறையக் கெட்டு அலைந்தோம். எக்ஸ்சேஞ்சரின் நடு உடலான ‘கோர்’ பகுதியைத் தடிமனாக்கினால் தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது, பின்னால் நிற்கிற ரேடியேட்டருக்குக் காற்று போவதில்லை. முதல் மாதிரியில் இன்ஜினே சூடேறியது. சூட்டை இறக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களை நெருக்கி வைத்தாலும் அதே கதை. மூன்றாவது மாதிரியில்தான் இரண்டும் ஒத்துவந்தன.

தடத்தில் வண்டி சோர்வதை எங்கள் ஃபிட்டர், ஓசூர்ப் பையன், “சூடு ஊறிப்போச்சுண்ணா” என்பான்.

ஜாலஹள்ளி, செவ்வாய் பகல் 1.38

‘ஹீட் சோக்’குக்குச் சொல் கிடைத்துவிட்டது. சூடு ஊறல். இதில் யாரும் கை வைக்காதீர்கள்.

ஃபிரேசர் டவுன், செவ்வாய் பகல் 1.45

வழிமொழிகிறேன்.

அல்சூர், செவ்வாய் இரவு 8.20

தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து இப்போதுதான் வீடு திரும்பினேன். சூடு ஊறல் அருமை. அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

தம்பி விளக்கியதைக் கேட்டபின் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. இருக்கிற ஆற்றலை இசைவாக நிறுத்துவதுதான் இந்த உறுப்பின் வேலை என்றால் அதற்குத் தமிழில் ஒரு வினை காத்திருக்கிறது: பண்ணுதல். இன்று அதைச் ‘செய்தல்’ என்று தேய்த்துவிட்டோம். யாழுக்குச் சுருதி கூட்டுவது பண்ணல். சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எண்வகைக் கரணங்களை அடுக்கும்போது பண்ணல்தான் முதலாவது. தேரையும் குதிரையையும் பூட்டி ஆயத்தம் செய்வதும் பண்ணுதலே. வெள்ளைக்காரன் கருவிக்கும் வண்டிக்கும் சேர்த்து ‘ட்யூன்’ என்கிறானே, அவனுக்கு வெகுகாலம் முன்பே நாம் யாழுக்கும் தேருக்கும் ஒரே வினை வைத்திருந்தோம். ஆகவே பண்ணுறுப்பு. வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும்: பண்ணிய உறுப்பு, பண்ணுகின்ற உறுப்பு, பண்ணும் உறுப்பு.

ஃபிரேசர் டவுன், செவ்வாய் இரவு 9.02

ஐயா, ‘பண்ணு’ முற்றியலுகரம். உயிர் வந்தால் கெடுமா?

அல்சூர், செவ்வாய் இரவு 9.10

“முற்றும் அற்று ஒரோவழி.” நன்னூல் 164. கதவு + அழகு = கதவழகு ஆகவில்லையா?

ஃபிரேசர் டவுன், செவ்வாய் இரவு 9.14

‘ஒரோவழி’ என்றால் சிலவிடத்து. இது அந்தச் சிலவிடம்தான் என்பதற்குச் சான்று?

(இதற்குப் பின் இருவருக்கும் இடையே பதினொரு மடல்கள். பாதி வ-உடம்படுமெய் பற்றி. தேடுகிறவர்கள் இழையை விரித்துப் பார்க்கலாம். – ஜாலஹள்ளி)

வைட்ஃபீல்ட், புதன் காலை 7.55

ஐயாமீது மரியாதையோடு: இந்த ஊரில் ‘பண்ணுறுப்பு கொண்டுவா’ என்றால் பையன் நேராக ஐயங்கார் பேக்கரிக்குப் போவான். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று யார் காதால் எண்ணுவது?

வேண்டுமானால் மாற்றுறுப்பு என்று வைக்கலாம். கம்பெனி கொடுத்ததற்கு மாற்றாக வருவதால்.

ஃபிரேசர் டவுன், புதன் காலை 8.30

வேண்டவே வேண்டாம். முதலில், உறுப்பு மாற்று அறுவை நினைவுக்கு வருகிறது. சிறுநீரகம் விற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதாக, என் தொழில் நிமித்தம் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கூலர் அந்தப் பிரிவில் வருமா என்பது வேறு வழக்கு. ஆனால் அட்டையிலேயே ‘மாற்று’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆவணம் எழுதித் தராதீர்கள்.

வைட்ஃபீல்ட், புதன் காலை 8.41

சரி, வெளிச்சந்தை உறுப்பு?

ஜாலஹள்ளி, புதன் காலை 9.00

வெளிச்சந்தை என்றால் எங்கள் வீட்டில் ரேஷனில் வாங்காத அரிசி.

எனக்கு ‘உதிரி’மேல் ஒரு ஆசை இருக்கிறது. உதிரிபாகம் என்றதும் கழன்று விழுவது என்று சிரிக்கிறார்கள். கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கியவர்களுக்குத் தெரியும், உதிரி என்றால் உதிர்ந்தது இல்லை, சரத்தில் கோக்காதது. கம்பெனி கட்டிய சரத்தில் சேராத உறுப்பு இது. அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கம்பெனியே விற்கிற ஸ்பேரும் உதிரிதான் என்று எனக்கே தெரிவதால் வற்புறுத்தவில்லை.

பீன்யா, புதன் பகல் 12.15

எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதை எப்படி எழுதுவது? விளையாட்டு மகிழுந்து என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார்.

ஜாலஹள்ளி, புதன் பகல் 12.19

மைசூர் ரோட்டுச் சென்னபட்டணத்து மரப்பொம்மை.

அல்சூர், புதன் பகல் 12.40

சீருந்து என்பதே போதும்; சீர்மை, விரைவு இரண்டும் அதில் தொனிக்கின்றன.

வைட்ஃபீல்ட், புதன் பகல் 12.44

எம்340ஐ ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, நாலு கதவு செடான். சுப்ரா வேண்டுமானால் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்போர்ட்ஸ் கார் என்றே விடுங்கள். அந்தச் சொல்லைத் தெரியாமல் யாரும் அந்த வண்டியின் பம்பரைக் கழற்றப்போவதில்லை.

அல்சூர், புதன் மாலை 6.30

“தெரியாமல் யாரும்” என்கிற இந்த வாதத்தால்தான் எல்லாம் போயிற்று. அந்த எம்340ஐ செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் கூட்டப்படுகிற வண்டி. தமிழ் மண்ணில் பூட்டிய தேருக்குப் பெங்களூர்த் தமிழன் ஓர் உறுப்பு செய்கிறான். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் கேட்டால் பேக்கரியைக் காட்டுகிறீர்கள்.

பீன்யா, வியாழன் காலை 10.05

ஐயா கோபிக்கக் கூடாது. நேற்று பட்டறையில் நாலு பேரிடம் கேட்டேன், நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று. நாலு பேரும் சொன்னது ஒன்றுதான்: ‘கம்பெனி பார்ட்’, ‘வெளி பார்ட்’. வேறு பிரிவே அவர்களுக்குக் கிடையாது.

ஜாலஹள்ளி, வியாழன் காலை 10.30

அப்படியானால் ‘வெளி’யிலிருந்து தொடங்குவோம். வெளியுறுப்பு என்றால் பம்பர், கண்ணாடி என்று ஆகிவிடும். வெளித்தயாரிப்பு உறுப்பு? பெர்ஃபார்மன்ஸுக்கு மேம்பாடு. திறன் என்ற சொல்லைத் தொடவேண்டாம். வெளித்தயாரிப்பு மேம்பாட்டு உறுப்பு. நீளம்தான். முதல் பக்கத்தில் ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு, பிறகு வெறும் ‘உறுப்பு’.

அல்சூர், வியாழன் காலை 11.00

‘தயார்’ உருது வழி வந்தது. மேம்பாடு என்றதும் எனக்குக் குடிசைப்பகுதி நினைவு வருகிறது.

ஃபிரேசர் டவுன், வியாழன் காலை 11.06

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலுக்கும் தொல்காப்பியரே இடம் வைத்திருக்கிறார். தயாரை மூன்றாவதில் உட்காரவைப்போம். சட்டப்படி ‘மேம்பாடு’ பாதுகாப்பானது. என் வாக்கு இதற்கு.

வைட்ஃபீல்ட், வியாழன் இரவு 10.50

சரி. எனக்கும் தூக்கம் வருகிறது. ஆனால் சொல்லட்டையில் ‘விவாதத்தில்’ என்றே குறித்து வைக்கிறேன்.

ஜாலஹள்ளி, வியாழன் இரவு 11.02

ஐந்து பேரில் நாலு. தம்பி, போய் அச்சடியுங்கள்.

அல்சூர், வெள்ளி காலை 6.10

என் மறுப்பைப் பதிவுசெய்யவும். இரவெல்லாம் யோசித்தேன். பண்ணுறுப்பு வேண்டாமென்றால் பண்ணுறுத்துறுப்பு என்றாவது

அல்சூர், வெள்ளி காலை 6.14

முந்தைய மடல் பாதியில் போய்விட்டது. அதை விட்டுவிடுங்கள், எனக்கே நாக்குச் சுளுக்குகிறது. பண்ணுறுப்புதான் சரி.

பீன்யா, வெள்ளி மாலை 5.25

அச்சகத்துக்குப் போய்விட்டது. வெளித்தயாரிப்பு மேம்பாட்டு உறுப்பு என்றுதான். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வைட்ஃபீல்ட், வெள்ளி மாலை 5.48

கடைசிப் படியைப் பார்த்தேன். பக்கம் 3-இல் சூடு ஊறல், பக்கம் 6-இல் வெப்ப ஊறல். எது?

பீன்யா, வெள்ளி மாலை 6.02

ஐயோ.

அல்சூர், வெள்ளி இரவு 8.15

தாள் ஒன்று எனக்கு அனுப்பு தம்பி. தலைப்பைப் பேனாவால் அடித்து நான் சொன்னதை எழுதிக்கொள்கிறேன்.

பீன்யா, வெள்ளி இரவு 8.20

இரண்டாக அனுப்புகிறேன் ஐயா. ஒன்றை அடிக்காமல் வையுங்கள். பக்கம் 6-ஐ மட்டும் இரண்டிலும் திருத்திவிடுங்கள்.