டென்னிஸ் பாலில் இருந்து ஸ்டிட்ச் பாலுக்கு: டீம் பவுலிங்கைச் சரிசெய்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து, மிதவேகப் பந்துவீச்சாளர்:

எங்கள் டீமில் எல்லோரும் தெருவில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்தவர்கள். வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் பக்கம் ஒரு மைதானத்தில், மேட்டிங் (பாய் விரித்த) பிட்சில், ஸ்டிட்ச் பால், அதாவது தையல் போட்ட கனமான தோல் பந்தில் மேட்ச் ஆட ஆரம்பித்தோம். பேட்டிங் எப்படியோ ஒப்பேறிவிட்டது. பவுலிங்தான் திண்டாடியது. வைடும் நோ பாலுமாக எக்ஸ்ட்ராவிலேயே மேட்ச் கை நழுவிப் போகும்.

டென்னிஸ் பாலின் எடை 60 கிராமுக்கும் குறைவு. ஸ்டிட்ச் பால் 156 முதல் 163 கிராம் வரை. தோளை மட்டும் நம்பி வீசிப் பழகியவன் அந்த எடையைக் கையில் எடுத்ததும் உடம்பு சாயத் தொடங்கிவிடும். எங்கள் ஓப்பனிங் பவுலருக்கு அதுதான் நடந்தது. வலது கை, நல்ல வேகம், ஆனால் பாதிப் பந்துகள் லெக் சைடில் கீப்பருக்கும் எட்டாமல் போய்விடும்.

அவன் பந்தை வாங்கியதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மிட் ஆஃபில் இருந்து "கையை நேரா கொண்டு வா மச்சான்", கீப்பர் "சீமை (பந்தின் தையலை) நிமிர்த்திப் பிடி", பாயிண்டில் இருந்து "வேகத்தைக் குறை". ஓடி வரும்போது ஒருவனால் ஒரு விஷயத்துக்கு மேல் நினைவில் வைக்க முடியாது. மேட்ச் நடக்கும்போது பவுலருக்கு டெக்னிக் சொல்லிக் கொடுப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை என்றே நான் நம்புகிறேன். ஃபீல்டு எங்கே வேண்டும் என்று கேளுங்கள், போதும்.

கடைசியில் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தோம். ஒன்று பக்கவாட்டில் இருந்து, இன்னொன்று அம்பயர் நிற்கும் இடத்தில் இருந்து. கை நன்றாகத்தான் வந்தது. கோளாறு அதற்கு முன்னாலேயே இருந்தது. கிரீஸை நெருங்கும்போது அடி சரியாக வராமல் கடைசி இரண்டு எட்டை எட்டிப்போட்டு வைக்கிறான். அந்த நீட்டலில் இடது கை சீக்கிரமே பக்கவாட்டில் விலகி, தலையும் அந்தப் பக்கமே சாய்கிறது. தலை ஒரு பக்கம் போனால் பந்து இன்னொரு பக்கம்தானே போகும்!

ஆக, ரன் அப்பில் இருந்து தொடங்கினோம். ஸ்டம்புக்கு முன்னால் 1.22 மீட்டர் தள்ளி பாப்பிங் கிரீஸ், அதாவது பவுலரின் முன் கால் தாண்டக் கூடாத கோடு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெட்ஸில் யாராவது அந்தக் கோட்டைப் போடுகிறார்களா? நாங்களும் போட்டதில்லை. கோடு இல்லாமல் வாரமெல்லாம் போட்டுப் பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்றால் எப்படி நிற்கும்? சுண்ணாம்பில் கோடு போட்டோம். பிறகு அவனைக் கோட்டில் நிற்கவைத்து எதிர்ப்பக்கமாக, பவுண்டரியை நோக்கி, கண்ணை மூடாத குறையாக இயல்பாக ஓடி வந்து குதிக்கச் சொன்னோம். முன் கால் விழுந்த இடத்தை ஒருவன் குறித்தான். பல தடவை ஓடவிட்டு, அடையாளங்கள் எங்கே அதிகமாக விழுந்தனவோ அங்கிருந்து கோடு வரை டேப் வைத்து அளந்தோம். அவன் வழக்கமாக ஓடத் தொடங்கிய இடம் அதைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழு எட்டு பின்னால் இருந்தது.

அடுத்தது இடது கை. மைதானத்துக்கு வரும் பெரியவர் ஒருவர், பழைய லீக் ஆட்டக்காரர், "கிணத்துல கயிறு இழுக்கிற மாதிரி மேலே இருந்து நேரா இடுப்புக்கு இழுத்துட்டு வா தம்பி, வெளிய விசிறாதே" என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் கிரீஸில் நின்றபடி போட்டான். பிறகு மூன்று எட்டு எடுத்து. அது பழகிய பிறகுதான் முழு ஓட்டம். ஒரு மாதம் போல வேகம் குறைந்தே இருந்தது, அவனுக்கு வெறுத்தும் போனது. அப்போது நான் அவனிடம் பேசியது வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றித்தான். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வந்தவர். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதுமே ஆக்‌ஷனில் சந்தேகம் என்று புகார் வந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. ஆக்‌ஷனை மாற்றி அமைத்துத் திரும்பி வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அவரே பொறுமையாகச் செய்தார் என்றால் நமக்கு என்ன அவசரம் மச்சான் என்றேன். இப்போது எங்களில் ஸ்டம்பை அதிகம் சாய்ப்பவன் அவன்தான்.

மதுரையிலிருந்து, ஆஃப் ஸ்பின்னர்:

அண்ணே, கோடு போடுவது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பிரச்சினை வேறு. டென்னிஸ் பாலில் சொடக்குப் பந்து (விரலால் சுண்டிவிடும் கேரம் பால்) போட்டு எல்லோரையும் ஏமாற்றுகிற ஒரு தம்பி எங்களிடம் இருக்கிறான். ஸ்டிட்ச் பாலில் அதே விரலால் பந்து சுழலவே இல்லை, தட்டையாக வந்து விழுந்தது. அஷ்வினும் சென்னைத் தெரு கிரிக்கெட்டில்தான் அந்தப் பந்தைக் கற்றார் என்று அவனுக்கு ஒரே பிடிவாதம். சரி, அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆஃப் பிரேக்கை, ஆஃப் ஸ்பின்னரின் வழக்கமான பந்தை, உருட்டு என்று உட்கார வைத்தோம்.

நெட்ஸில் பேட்ஸ்மேனுக்குக் கொஞ்சம் முன்னால், அவர் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டினோம். பந்து கயிற்றுக்கு மேலே போய், குட் லெங்த்தில் விழ வேண்டும். மெதுவாகத் தூக்கிப் போட்டால் பந்து ஃபுல் டாஸாகவோ பாதி பிட்சிலோ விழும். முன் காலில் சுழன்று, இடுப்பு முழுசாகத் திரும்பி, விரலால் மேல்நோக்கிச் சுற்றினால்தான் கயிற்றைத் தாண்டிச் சட்டென்று கீழே இறங்கும். வருண் சக்கரவர்த்தியும் பக்கவாட்டுச் சுழலை விட்டுவிட்டு மேல் சுழலுக்கு மாறிய பிறகுதான் இந்திய அணிக்குத் திரும்பிக் கலக்கினார். தம்பி மெதுவாகப் பிடித்துக்கொண்டான். பேட்ஸ்மேன் ஏறி வந்து பந்துக்கு எட்டாமல் ஸ்டம்பிங் ஆவதைப் பார்க்கும்போது எங்கள் கீப்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கோவில்பட்டியிலிருந்து, டீம் நடத்துபவர்:

நீங்கள் இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் தம்பிகளா. எங்களிடம் பள்ளி மாணவர்களும் ஆடுகிறார்கள். ஒரு பையனுக்கு 16 வயது. வேகமாகப் போடுகிறான் என்று எல்லாக் கேப்டன்களும் அவனையே கூப்பிட்டார்கள். காலையில் ஒரு டீம், மாலையில் ஒரு டீம். இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வலி என்றான், எண்ணெய் தேய்த்து அனுப்பினார்கள். ஸ்கேனில் முதுகெலும்பில் நுண்ணிய விரிசல் தெரிந்தது. வீடியோவைப் பார்த்தால் இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்து நேராக நிற்கிறது, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பிப் பிறகு முறுக்கி வருகிறது. இந்தக் கலப்பு ஆக்‌ஷனில் முழு முறுக்கும் கீழ் முதுகில்தான் விழும். வளர்கிற எலும்பு அதைத் தாங்காது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் வந்ததும் முதுகெலும்பு முறிவுதான். உடம்பைத் தேற்றிக்கொண்டு 1974-75 ஆஷஸில் வந்து நின்றார். அதே மனிதர்தான் 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுக்க வந்தார்.

எங்கள் பையன் பல மாதம் பந்தைத் தொடவில்லை. இப்போது இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கும்படி பின் காலை வைக்கப் பழகுகிறான். ஒரு ஸ்பெல்லுக்கு நான்கு ஓவர், ஒரு நாளைக்கு ஒரு மேட்ச், அவ்வளவுதான். வேறு டீம்காரர்கள் போன் செய்து கேட்டால், அவன் அப்பாவே எடுத்து "இல்லைங்க, பையன் வரமாட்டான்" என்று சொல்லிவிடுகிறார்.