செஞ்சிப் பாறையில் பிடிகள் பெயர்கின்றன, எப்படிச் சோதிப்பது?

வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். செஞ்சியில், கோட்டை எல்லைக்கு வெளியே உள்ள உருண்டைப் பாறைகளில் ஏறிப் பழகுகிறோம். போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஒரு பாறையில் மட்டும் விளிம்புப் பிடிகள் பத்தை பத்தையாகப் பெயர்கின்றன. தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறது. பக்கத்துப் பாறை கிண்ணென்று ஒலிக்கிறது. பெயர்ந்த சில்லின் உட்புறம் துருப் பழுப்பு. பாறையிலுள்ள தாதுக்களில் குவார்ட்ஸ் மணிகள் கெட்டியாக நிற்க, ஃபெல்ஸ்பார் மட்டும் நகம் பட்டாலே மாவாக உதிர்கிறது.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம், அடியிலும் அதே நிலைதான். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினிகர் விட்டோம், நுரைக்கவில்லை. நன்றாகக் காயவிட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. திருவக்கரைப் பக்கத்தில் உள்ள, ‘கடலூர் மணற்கல்’ எனப்படும் பாறை என்றால் குழப்பமே இல்லை; ஈரத்தில் வலுவிழக்கும், காயும்வரை கை வைக்கமாட்டோம். இது கிரானைட். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும் என்பது தெரியும், அந்தத் தோலின் ஆழம்தான் பிடிபடவில்லை. பெயரும் பிடிகளைப் பசை வைத்து ஒட்டச் சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்புறம், பள்ளிப் பிள்ளைகளும் அங்கே ஏறுகிறார்கள்.

பாறையைத் துளைக்காமல், சிதைந்த மேலடுக்கு எவ்வளவு ஆழம் போகிறது என்று கண்டறிய என்ன வழி?