பெட் ரெஸ்ட்: எதுவரைக்கும், எப்படி

கர்ப்பமா இருக்கும்போது "பெட் ரெஸ்ட்ல இருங்க"ன்னு டாக்டர் சொன்னதும் அதோட வீட்டுக்கு வந்துடாதீங்க. காரணத்தைக் கேளுங்க. நஞ்சுக்கொடி கீழே இருக்கா, கர்ப்பப்பை வாய் குட்டையாகுதா, பிரஷர் ஏறுதா? அதைப் பொறுத்துதான் கட்டுப்பாடு. பாத்ரூமுக்கு நடக்கலாமா, மாடிப்படி ஏறலாமா, எத்தனை கிலோ தூக்கலாம், தாம்பத்தியம் கூடாதா, அடுத்த ஸ்கேன் வரைக்குமா பிரசவம் வரைக்குமா, எல்லாத்தையும் எழுதியே வாங்கிக்கங்க. நாள் முழுக்கப் படுத்தே இருந்தா குறைப்பிரசவம் நிக்கும்னு ஆய்வுகள்ல உறுதியாகல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏகாக் (ACOG) கூட இதுக்காக வழக்கமா பெட் ரெஸ்ட் கொடுக்கச் சொல்றதில்ல. அதனால கொஞ்சம் எழுந்து நடந்ததுக்காக மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. "இன்னும் தேவையா"ன்னு ஒவ்வொரு செக்கப்லயும் கேளுங்க.

கால்ல ரத்தம் உறையறதைப் பத்தி பல பேருக்கு யாரும் சொல்றதே இல்ல. கர்ப்பத்துல ரத்தம் சீக்கிரம் உறையும். கெண்டைக்கால் தசை அசைஞ்சாதான் கால் ரத்தம் மேலே ஏறும். படுத்தே இருந்தா தேங்கிடும். முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் 10 தடவை மடக்கி நீட்டுங்க, அப்புறம் கணுக்காலைச் சுத்துங்க. அழுத்தக் காலுறை சொல்லியிருந்தா, கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து வாங்கணும். காலையில எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, வீக்கம் வடிஞ்சிருக்கும்போதே போடணும். மேல் விளிம்பு சுருண்டா கயிறு கட்டின மாதிரி இறுக்கிடும், உடனே இழுத்துச் சரி பண்ணுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா அமுக்கி விடவே கூடாது. மூச்சு வாங்கினாலும் சரி, நேரா ஆஸ்பத்திரிதான்.

மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கங்க. கர்ப்பப்பை வாயில தையல் போட்டவங்க முக்கவே கூடாது. அசைவு குறையறதும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து குடலை இறுக்கிடும். கால்சியமும் இரும்பும் ஒண்ணா போட்டா இரும்பு சரியா ஏறாது; 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டாய்லெட்ல பாதத்துக்கு அடியில சின்ன ஸ்டூல் வச்சா சுலபமா போகும். அப்பவும் இறுகினா, மலம் இளக்கற மருந்தை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

20 வாரத்துக்கு மேல மல்லாந்து படுத்தா கர்ப்பப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தி மயக்கம் வரலாம். ஒருக்களிச்சுப் படுங்க, முழங்கால் நடுவுல ஒரு தலையணை, வயித்துக்கு அடியில மெல்லிசா ஒண்ணு. எழும்போது பக்கவாட்டுல திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காருங்க. ஒரு நிமிஷம் கழிச்சு நில்லுங்க.

28 வாரத்துக்கு அப்புறம் குழந்தை அதிகமா அசையற நேரத்துல எண்ணுங்க. 2 மணி நேரத்துல 10 அசைவு வரலேன்னா, வழக்கத்தைவிடக் குறைஞ்ச மாதிரி தோணினாலும்கூட, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டு விட்டு வயிறு இறுகறது, குறையாத தலைவலி, கண் மங்கறது, எதுக்கும் இதே அவசரம்தான்.

ரெஸ்ட் முடிஞ்சு எழுந்தா தொடை நடுங்கும், அது தசை மெலிஞ்சதால. முதல்ல வீட்டுக்குள்ள ரெண்டு மூணு நிமிஷம் நடங்க, நாளுக்கு நாள் கூட்டுங்க. மாடிப்படியை கைப்பிடி பிடிச்சு, கூட ஒருத்தர் இருக்கும்போது மட்டும் ஏறுங்க.