ஆப்பிரிக்கச் சிறு விவசாயம்: உதவிப் பணம் நின்றால் தனியார் முதலீடு ஈடுகட்டுமா?

கேள்வி:
வணக்கம். வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கிறேன். ஆப்பிரிக்காவில் பசுமைப் புரட்சி கொண்டுவர 2006-ல் தொடங்கிய ஆக்ரா (AGRA) என்ற கூட்டணி அமைப்பு, 2020-க்குள் கோடிக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்களின் வருமானத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொன்னது. அது நடக்கவில்லை என்று கடும் விமர்சனம் இருக்கிறது. 2025-ல் அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் யுஎஸ்எய்டு அமைப்பையே கலைத்துவிட்டது. இனி தனியார் முதலீடு மட்டும்தான் வழி என்று வகுப்பில் சொல்கிறார்கள். களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
கென்யாவில் கிடாலே பக்கம் மக்காச்சோளக் கொள்முதலில் இருக்கிறேன் தங்கச்சி. என் சம்பளமே தனியார் பணம்தான். ஆனாலும் சொல்கிறேன், ஈடுகட்டாது.

இங்கே அறுவடை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டும். அதனால் சோளம் சரியாகக் காய்வதற்குள் விற்றுவிடுகிறார்கள். ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசுக் கிடங்கில் எடுக்க மாட்டார்கள். வாசலுக்கே லாரி கொண்டுவரும் தரகர் எடுப்பார், அவர் வைத்ததுதான் விலை. சில மாதம் கழித்து அதே குடும்பம் மாவைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறது. பார்க்கவே வயிறு எரியும்.

வேண்டியது ஓர் உலர்த்தும் இயந்திரம், கிடங்கு, அதுவரை கைச்செலவுக்குக் கொஞ்சம் கடன். ஆனால் அந்த இயந்திரம் வருஷத்தில் சில மாதம்தான் ஓடும், முதல் போடுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. விதை, உரம் விற்கத் தனியார் வருவார்கள், அதை நன்றாகவே செய்கிறார்கள். சாலை போட, ஆராய்ச்சி செய்ய, மழை பொய்த்த வருஷத்தின் நஷ்டத்தைச் சுமக்க யாரும் வருவதில்லை.

தேயிலையின் கதை வேறு. சிறு விவசாயிகளின் தேயிலையைக் கவனிக்கும் கேடிடிஏ (கென்யத் தேயிலை வளர்ச்சி முகமை) 1964-ல் அரசு அமைப்பாகத்தான் உருவானது. உலக வங்கியும் பிரிட்டன் அரசின் வளர்ச்சி நிதி நிறுவனமான சிடிசியும் கடன் கொடுத்தன. அதில் ஆலைகளும் சாலைகளும் வந்தன. பறித்த இலை அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் கெட்டுவிடும். அதனால் சாலை இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை. எடைக் கொட்டகையில் ஒரு நாள் நின்று பாருங்கள். பையைத் தராசில் மாட்டுவதற்கு முன் கிளார்க் கையை விட்டுக் கிளறுவார். இரண்டு இலை, ஒரு மொட்டு இருக்க வேண்டும். முற்றிய இலை கலந்திருந்தால் அங்கேயே பொறுக்கி எடுக்கச் சொல்வார். மாதாமாதம் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம், ஆண்டுக் கணக்கு முடிந்ததும் போனஸ். 2000-ல் தனியார்மயமான பிறகு ஆலைகளின் பங்குகள் விவசாயிகள் கையில் இருக்கின்றன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இதில் இருக்கிறார்கள்.

பதில் 2:
மலாவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005 வறட்சிக்குப் பிறகு அன்றைய அதிபர் பிங்கு வா முத்தாரிகாவின் அரசு கூப்பன் கொடுத்து மானிய விலையில் உரமும் விதையும் தந்தது. உதவி தரும் நாடுகளில் பல முதலில் முகம் சுளித்தன. ஆனால் விளைச்சல் குவிந்து, ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியே செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், உரம் பெரும்பாலும் இறக்குமதி. அதற்கு டாலர் வேண்டும், டாலருக்குப் பெரிதும் புகையிலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். 2022-ல் உர விலை எகிறியதும் நாடு திணறிவிட்டது. அப்புறம், பட்ஜெட்டில் 10 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க அரசுகள் 2003-ல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ஒப்புக்கொண்டன. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவே இல்லை. உதவியா முதலீடா என்று கேட்கும்போது அந்தந்த அரசுகளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படியானால் தேயிலையில் பொதுப் பணம் முதலில் வந்தது, தனியார் பிறகு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கென்யாவை இரண்டாகப் பிரிக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக்கு மேற்கே கெரிச்சோ, போமெட் பக்கத் தேயிலை விவசாயிகளுக்கு வரும் போனஸ், கிழக்கே கிடைப்பதைவிடக் குறைவு. வருஷா வருஷம் இதற்குச் சண்டை நடக்கிறது. மொம்பாசா துறைமுக நகரில் நடக்கும் தேயிலை ஏலத்தில் மேற்குப் பகுதித் தேயிலைக்கு விலை குறைவு என்பது கேடிடிஏ நிர்வாகத்தின் பதில். பல விவசாயிகள் அதை ஏற்பதில்லை, கணக்கைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். ஆலை அவர்களுடையது, கேட்க முழு உரிமை இருக்கிறது. என் பகுதி மக்காச்சோள விவசாயிக்கு அப்படிக் கேட்க ஓர் இடம்கூடக் கிடையாது.