வேதியியல் லேபில் ஒரே ஒரு போன்: நிறத்தை அளக்க முடியுமா?

பிளஸ்டூ_ஆய்வகம்:
வணக்கம். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். பேட்ச்சுக்கு 20 பேர், கலரிமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) கிடையாது. செறிவு கூடினால் நிறம் அடர்த்தியாகும் என்று போர்டில் எழுதிப்போட்டுவிட்டுப் போக மனசு ஒப்பவில்லை, பிள்ளைகளே அளந்து பார்க்க வேண்டும். போட்டோ எடுத்து ஆர்ஜிபி மதிப்பு (படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற எண்) பார்க்கலாம் என்றார்கள். காப்பர் சல்பேட்டில் ஐந்து செறிவு தயாரித்தேன், நீலக் கரைசல்தானே என்று நீல மதிப்பைக் குறித்தால் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்! எங்கே தப்பு? மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது, என்னுடையது ஒன்றுதான்.

கரைசல்காரன்:
டீச்சர், சிவப்பு மதிப்பைப் பாருங்கள். கரைசல் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுவதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது, அதனால் செறிவு கூடக்கூடக் குறைவது சிவப்புதான். பர்மாங்கனேட் கரைசல் என்றால் பச்சை மதிப்பைப் பாருங்கள். வெறும் தண்ணீர்க் குழாயின் மதிப்பால் வகுத்து, மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் உட்கவர்திறன், அதாவது கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு, கிடைக்கும். அதைச் செறிவுக்கு எதிராக வரைபடமாக வரையுங்கள். போன் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பதிவு செய்வதில்லை, அதனால் கோடு கொஞ்சம் வளையும். பரவாயில்லை, தெரியாத செறிவைக் கண்டுபிடிக்க அந்த வரைபடமே போதும்.

பழைய_பிப்பெட்:
இன்னொன்று, குழாய்களைத் தனித்தனியாகப் படம் எடுத்தீர்களா? அடர்ந்த கரைசலைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அங்கேயே கணக்கு கெட்டுவிடும். தண்ணீர்க் குழாயையும் சேர்த்து எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரே படமாக எடுங்கள். குழாய்கள் ஒரே பருமனாக இருக்கட்டும். அப்புறம், காப்பர் சல்பேட் அதிகம் உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம், கேமராவுக்கு அது சரியாக எட்டாது. எல்லாக் குழாயிலும் ஒரே அளவு அமோனியாவைத் தாராளமாக விட்டால் கருநீலம் வரும், அது உறிஞ்சுவது கேமராவுக்குத் தெரிகிற ஆரஞ்சுப் பகுதியில், நீர்த்த கரைசல்களிலேயே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும், நெடி தாங்காது.

பியூரெட்_அக்கா:
நிறம் அளப்பதற்குச் சரி, ஆனால் தரம்பார்த்தலில் (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுச் செறிவு காணும் சோதனையில்) வினை முடியும் முடிவுநிலையைப் போனிடம் விட்டுவிடாதீர்கள். கடைசிச் சொட்டில் வந்து நிலைக்கிற அந்த இளஞ்சிவப்பைக் கண்தான் பழக வேண்டும், பரீட்சையில் போன் இருக்காது. பியூரெட் வாசிக்கக் கற்றுக்கொடுக்க மட்டும் நான் போனை எடுப்பேன். என் வகுப்பில் ஒரு மாணவி எப்போதும் 0.3 மி.லி. குறைவாகவே எழுதுவாள். அதே பியூரெட்டை மேலிருந்து ஒரு படம், கண் மட்டத்தில் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அடர் நிறமுள்ள பர்மாங்கனேட்டில் திரவ மட்டத்தின் அடிவளைவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் வாசிக்க வேண்டும் என்பதும் அந்தப் படத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பிளஸ்டூ_ஆய்வகம்:
எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகத்தான் எடுத்திருந்தேன். இன்று ஒரே படமாக எடுத்துப் பார்த்தேன், சிவப்பு மதிப்பு தண்ணீரிலிருந்து கடைசிக் குழாய் வரை படிப்படியாக இறங்குகிறது. அடுத்த பேட்ச்சுக்கு அமோனியா விட்டு, செறிவு எழுதாத ஆறாவது குழாய் ஒன்றைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன்.