டயர் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்து எரிந்தால்

திருப்பூரிலிருந்து:

முன்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றி வண்டியை எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவிநாசி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் டயர் காற்று விளக்கு, ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஸ்டீயரிங் என்று மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிய ஆரம்பித்தன. ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிங்கில் திருப்பும்போதுதான் கை வலித்தது, ஸ்டீயரிங் அவ்வளவு கனம். காற்றைப் பார்த்தால் நான்கு டயரிலும் சரியாக இருந்தது.

முதலில் போன இடத்தில் ஸ்டீயரிங் மோட்டாரே போய்விட்டது என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டினார்கள். தெரிந்த எலெக்ட்ரீசியன் ஒருவர் ஸ்கேனரை மாட்டியதும் இடது முன் சக்கரத்தின் வேக சென்சாரில் பழுது என்று கோட் வந்தது. ஷாக் அப்சார்பர் மாற்றியவர்கள் அந்த சென்சாரின் வயரை கிளிப்பில் திரும்ப மாட்டவில்லை. திருப்பும்போதெல்லாம் டயரில் உரசி உரசி அறுந்திருக்கிறது.

என் வண்டியில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறையும், அதனால் மற்றதைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஏ.பி.எஸ்.-க்கான அதே சக்கர வேக சென்சார்கள் வழியாகத்தான் வண்டி கண்டுபிடிக்கிறது. பல கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கும் எவ்வளவு உதவுவது என்று முடிவு செய்வது அதே வேகக் கணக்கை வைத்துத்தான். ஒரு வயர் அறுந்தால் மூன்று விளக்கும் எரியும். எல்லாம் ஒன்றாக எரிந்தால் தனித்தனியாக பார்ட் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து:

அண்ணே, எங்க வண்டி வேற ரகம், வால்வோடு சென்சார் டயருக்கு உள்ளேயே இருக்கும், ரேடியோ அலையில வண்டிக்குக் காத்து அளவைச் சொல்லும். வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் டயர் விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல மினுக்கிட்டு, அப்புறம் நின்னு எரிஞ்சது. மினுக்காம நேரா எரிஞ்சா காத்து குறைவு. மினுக்கிட்டு நின்னா சென்சாரே பேசலைன்னு அர்த்தம். இது தெரியாம பலபேர் காத்தை அடிச்சுக்கிட்டே இருக்காங்க. உள்ள இருக்கிற பேட்டரி அஞ்சுலேர்ந்து பத்து வருஷம் ஓடும், தனியா மாத்த வழியில்லை, சென்சாரையே மாத்தணும். பஞ்சர் கடையில டயரைக் கழட்டும்போது வால்வு பக்கம் கம்பியைப் போட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு நெம்பு நெம்பினா சென்சார் காலி.

டொரொண்டோவிலிருந்து:

இங்கே முதல் குளிர் விழும் காலையில் தெருவில் பாதிப் பேருக்கு இந்த விளக்கு எரியும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்று ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அளவு) குறையும். பனிக்கால டயரை சென்சார் இல்லாத ரிம்மில் மாட்டினால் வசந்தம் வரை விளக்கோடுதான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2007 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இந்த டயர் காற்று எச்சரிக்கை கட்டாயம். அந்த விதிப்படியே பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் எரிந்தால் போதும். அதாவது 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 24-க்கு வந்தபிறகு. 27, 28-லேயே ஸ்டீயரிங் மந்தமாகிவிடும், ஒரு பக்கம் இழுக்கும். என் அனுபவத்தில் விளக்கைவிடக் கைதான் முதலில் சொல்கிறது.

சென்னையிலிருந்து:

இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று சரியாக இருந்தும் வண்டி இடது பக்கமே போனது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்வதற்கு முன், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொன்னேன். இழுப்பு வலது பக்கம் போனது. ஆக, கோளாறு டயரில். (ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.)

அலைன்மென்ட் முடிந்து ஸ்டீயரிங் நேராக இருந்தும் சறுக்கல் விளக்கு (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பின் விளக்கு) எரிந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடுநிலை எது என்று ஸ்கேனரில் சொல்லித் தரவில்லை என்று பொருள். அதே கடைக்காரரைச் செய்யச் சொல்லுங்கள், தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

மதுரைக்காரர் சொன்ன மாதிரி சென்சார் மாற்றப் போகிறவர்களுக்கு: மச்சான் அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கொண்டுவந்தான். மாட்டியும் வண்டிக்குக் கேட்கவே இல்லை. சென்சார் பேசும் ரேடியோ அலைவரிசை அங்கே 315 மெகாஹெர்ட்ஸ் புழக்கம் அதிகம், நம்ம வண்டி 433. பழைய சென்சாரைக் கழற்றி அதன்மேல் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.