வகுப்பு வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுகிறார்கள், மிஸ்ஸிடம் இதை எப்படிச் சொல்வது?

செக்கிங்_அம்மா (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

போன வாரம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் அவன் பெயரைப் போட்டு, "பெற்றோர் நாளை கட்டாயம் வரவும்" என்று மிஸ் செய்தி அனுப்பினார்கள். காரணம் எதுவும் போடவில்லை. குழுவில் இருக்கிற எல்லாரும் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா வந்து "என்னாச்சு உம் பையனுக்கு?" என்று கேட்டார். ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன்.

உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்து, "எல்லாரும் மொட்டுக்குப் போயாச்சு, இவன் மட்டும் இன்னும் அரும்புலயே இருக்கான். வீட்ல நோட்டைத் தொறந்துகூடப் பாக்க மாட்டீங்களா?" என்றார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் கற்றல் நிலைகள்; அரும்புதான் முதல் நிலை. மொத்த வகுப்பும் எங்களையே பார்த்தது. மகன் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து காலையானால் வயிற்று வலி என்கிறான்.

மிஸ் மோசமானவர் இல்லை. போன வருடம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டார். அதனால்தான் சண்டை வேண்டாம் என்கிறேன். வீட்டுக்காரர் தனியார் பள்ளிக்கு மாற்றலாம் என்கிறார், அண்ணன் புகார் கொடு என்கிறான். எனக்கு இரண்டிலும் மனம் இல்லை. அந்த மிஸ்ஸிடமே மரியாதையாகச் சொல்ல வேண்டும், அதனால் பையனுக்கு வகுப்பில் சங்கடம் வரக்கூடாது. எப்படிச் சொல்வது?

இன்னொன்று. எங்கள் லைன் வீடுகளில் தமிழ் தெரியாத ஒரு ஒடிசா குடும்பம் இருக்கிறது. பள்ளியில் அவர்களைக் கூப்பிட்டால் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண்ணை வைத்துத்தான் தம்பியைப் பற்றிப் பேசுகிறார்கள். அது சரிதானா?


ஈராசிரியர்_பள்ளி

அம்மா, நானும் ஆசிரியர்தான். வாசலில் வைத்து, அதுவும் பிள்ளை எதிரில் அப்படிச் சொன்னது தவறு. இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறோம். காலையில் சாப்பாடு, வருகைப் பதிவு, செயலியில் ஏற்ற வேண்டிய விவரம் என்று ஓடும்போது ஒரு பெற்றோர் வந்தால், வகுப்பை விட்டு நகர முடியாது. வாசலில் நின்றபடி பேசுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இராத்திரி பத்தரைக்குப் போன் செய்து பென்சில் தொலைந்ததைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டுக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வந்து சத்தம் போட்ட அப்பாவையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி விட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் கேளுங்கள். அப்போது எந்த ஆசிரியருக்கும் முகம் கொஞ்சம் இளகியிருக்கும். போனதும் "எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எந்தக் கணக்கில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரிடம் எனக்குக் கோபம் வந்ததே கிடையாது.


மகளின்_அப்பா

இப்படிக் குழைந்து குழைந்து பேசுவதால்தான் அரசுப் பள்ளி என்றால் இளக்காரம். நேராகக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் போன் போடுங்கள். அவர்களே வழிக்கு வருவார்கள்.


பணிநிறைவு_தலைமையாசிரியை (ஈரோடு)

செக்கிங் அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மனதில் இருக்கும் பயத்தை எடுத்துவிடுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போய்க் கேட்பது தயவு கேட்பது ஆகாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமை என்றே சொல்கிறது. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதை மிஸ்ஸிடம் போய் ஒப்பிக்க வேண்டாம். உங்கள் முதுகு நிமிர்ந்திருக்கத்தான் சொல்கிறேன்.

அரும்பு, மொட்டு, மலர் விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதைப் பிடிக்க, யாருக்கு எந்த நிலைப் பயிற்சி கொடுப்பது என்று பார்ப்பதற்காகப் பிரித்த நிலைகள் அவை. ஆசிரியர் தன் வேலைக்காக வைத்துக்கொள்கிற குறிப்பு. ரேங்க் மாதிரி ஊருக்குச் சொல்வதற்கு இல்லை. தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருக்கலாம். ஆகவே "தமிழில் எங்கே இருக்கிறான், கணக்கில் எங்கே, அடுத்த நிலைக்குப் போக என்ன தெரிய வேண்டும்?" என்று பாடவாரியாகக் கேளுங்கள்.

பேசுவதற்கு முன் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். குழுவில் வேண்டாம், மிஸ்ஸின் தனி எண்ணுக்கு. இந்த மாதிரி: "மிஸ், போன வருடம் காய்ச்சலில் நீங்கள் அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டதை நாங்கள் மறக்கவே இல்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னது அவனுக்கு மனதில் தங்கிவிட்டது, பள்ளிக்கு வர பயப்படுகிறான். பள்ளி விட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசலாமா? எந்த நாள் தோது என்று சொல்லுங்கள், நான் பர்மிஷன் போட்டு வருகிறேன்." இதில் பொய்ப் புகழ்ச்சி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நடந்தது இருக்கிறது, கேட்க வேண்டியது இருக்கிறது.

உட்கார்ந்து என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் பள்ளி வராண்டாவில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருந்தோம். மேசை கிடையாது. பெற்றோர் வந்தால் ஒன்றில் அவர், ஒன்றில் ஆசிரியர், மடியில் பிள்ளையின் நோட்டு. ஜூன் மாதப் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அடுத்தடுத்து விரித்துக் காட்டச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, தறி ஓட்டுகிறவர், மகள் எழுதிய பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல கோட்டுக்கு வெளிய ஓடுது, இப்ப கோட்டு மேலயே நிக்குதுங்க" என்றார். அந்த ஆசிரியை அதுவரை கவனிக்காததை அவர் கண்டுபிடித்தார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முறையே வேறு. நோட்டு நடுவில் இருந்தால் "நீ சரியில்லை, உன் வளர்ப்பு சரியில்லை" என்று பேச்சு போகாது.

வீட்டில் பார்க்க நேரமில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரை மணிக்குக் கிளம்பி, வீட்டுக்கு வந்து சோறு ஆக்குகிற பெண்ணால் எவ்வளவு முடியும் என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். "தினமும் பத்து நிமிடம்தான் என்னால் முடியும், அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் அதற்கு ஏற்ற ஒரு வேலையைக் கொடுப்பார்.

ஒடிசா குடும்பம்: பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு போகிறது. அப்பா அடிப்பார் என்று பயந்தால் பாதியை விழுங்கிவிடுவாள், தம்பியோடு சண்டை என்றால் கூட்டிச் சொல்வாள். இரண்டுமே அவள் தலையில் வைக்கக்கூடாத பாரம். திருப்பூரில் இந்தியும் தமிழும் தெரிந்த பெரியவர்கள் கம்பெனிதோறும் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோரே நம்பிக் கைகாட்டுகிற ஒருவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. 2024இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், தலைவரும் ஒரு பெற்றோர்தான். உங்கள் பையன் விஷயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், மிஸ் தற்காப்பில் இறங்கிவிடுவார். எல்லாருக்கும் பொதுவான ஏற்பாட்டைக் கேளுங்கள்: வாட்ஸாப் குழுவில் பொது அறிவிப்பு மட்டும் வரட்டும், தனிப் பிள்ளையின் பெயர் வரக்கூடாது. கூப்பிடும்போது காரணத்தையும் ஒரு வரி சொல்லட்டும். பெற்றோர் தரப்பும் இரவு எட்டு மணிக்கு மேல் அவசரம் இல்லாமல் போன் செய்யாமல் இருக்கட்டும். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்களையும் இதில் மறக்க வேண்டாம். பல பள்ளிகளில் அவர்களும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள்தான். பெற்றோரும் ஆசிரியரும் அவர்களை "ஏய்" என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன், நெஞ்சு கொதிக்கும்.

மகளின் அப்பாவுக்கு: புகார் எண் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அடித்தால், சாதி சொல்லித் திட்டினால், கழிப்பறை கழுவ விட்டால், தப்பான தொடுதல் என்றால், யாரிடமும் வராண்டாவில் உட்கார்ந்து பேசத் தேவையில்லை. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098, இல்லாவிட்டால் 14417. இது அந்த வகை இல்லை. காய்ச்சலில் பிள்ளையை வண்டியில் ஏற்றி வந்த ஆசிரியரிடம் முதலில் பேசித்தான் பார்க்க வேண்டும்.


செக்கிங்_அம்மா (திருப்பூர்)

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் அம்மா எழுதிக் கொடுத்ததை என் வார்த்தையில் மாற்றி அனுப்பினேன். அன்று இரவே மிஸ் போன் செய்தார்கள். "குழுவுல பேர் போட்டது தப்புதாங்க, யோசிக்கல" என்றார்கள். வாசலில் பேசியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் இழுக்கவில்லை. புதன்கிழமை பள்ளி விட்டதும் வரச் சொன்னார்கள்.

உட்கார்ந்துதான் பேசினோம். தமிழில் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில்தான் நிற்கிறானாம். கொ, கோ, மொ, மோ. கணக்கில் மொட்டுக்குப் போய்விட்டான், அது எனக்குத் தெரியவே தெரியாது. தினமும் ஐந்து வார்த்தை சத்தமாகப் படிக்க வைத்து, வாய்ஸில் அனுப்பச் சொன்னார்கள். இரண்டு நாளாக அனுப்புகிறோம். வயிற்று வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. இன்று காலையும் சொன்னான், ஆனால் கிளம்பிவிட்டான்.

ஒடிசா அக்காவுக்கு எங்கள் கம்பெனி அயர்னிங் மாஸ்டர் பேச ஒப்புக்கொண்டார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைக்கிறார்கள், அந்த நேரத்தில் பனியன் கம்பெனி பெற்றோர் யாராலும் வர முடியாது. நேரத்தை மாற்றக் கேட்டு நாங்கள் ஏழெட்டு அம்மாக்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுகிறோம். டீச்சர் அம்மா, அதைத் தலைமையாசிரியருக்கு எழுதுவதா, குழுத் தலைவருக்கு எழுதுவதா?


பணிநிறைவு_தலைமையாசிரியை (ஈரோடு)

தலைவருக்கு எழுதி, நகலைத் தலைமையாசிரியரிடம் கையில் கொடுங்கள். எந்த நேரம் உங்களுக்குத் தோது என்பதையும் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள்.